கட் பண்ணாதீங்க

திரையின் அடியில் மூன்று புள்ளிகள் துள்ளுகின்றன, அப்படியென்றால் அந்தப் பெண் டைப் செய்கிறாள், நின்றுவிட்டன, அழித்துவிட்டாள் போலிருக்கிறது, மறுபடி துள்ளுகின்றன. எழுதட்டும். ஒருவர் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவசரப்படுத்தக் கூடாது, அது இந்தக் கட்டடத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் வலது ஓரமாக 'நூலகரிடம் கேளுங்கள்' என்று ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் திறக்கிற சாட் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான், முதல் மாடியில், பழைய இதழ்களை பைண்டு செய்து அடுக்கியிருக்கிற அறைக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறையில். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக என் மேசையில் விழும், மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பும், பைண்டிங் பசையின் வாடை எழுந்து வரும், எனக்கு அது பிடிக்கும். பிள்ளைகளுக்கு என் முகம் தெரியாது, பெயர் தெரியாது, பெட்டியின் மேலே 'நூலக உதவி' என்று மட்டும் வரும். ஒரு பையன் 'நீங்க ரோபோவா' என்று கேட்டான், 'இல்லை தம்பி, இப்போதான் தயிர் சாதம் சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்தேன்' என்று போட்டேன், சிரிக்கிற மஞ்சள் முகமாக வரிசையாக அனுப்பினான். 'மேடம் நீங்க செம ஃபாஸ்ட்' என்பார்கள். ஃபாஸ்ட்தான். விரலில் எனக்கு எந்தத் தடையும் இல்லை, மனசில் தோன்றுவதும் திரையில் விழுவதும் ஒன்றாக நடக்கும், அந்த நேரத்தில் நான் யார் வேண்டுமானாலும் ஆகலாம், கதவைத் திறந்துகொண்டு மேடையேறி மைக்கைப் பிடிக்கிறவள் ஆகலாம். வாய்தான் வேறு. வாய் என்னுடையது மாதிரியே இருக்காது.

புள்ளிகள் நின்று வார்த்தைகள் வந்துவிட்டன. 'மேடம், ஏதாவது கிடைச்சுதா?' வெண்மதி. சமூகப்பணித் துறையில் பிஎச்.டி. முதல் வருடம், சொந்த ஊர் நாமக்கல் பக்கம், இப்போது அங்கே வீட்டிலிருந்துதான் எழுதுகிறாள். காலையில் முதலில் வந்தபோது 'லாரி பத்தி புக் இருக்கா மேடம்' என்று கேட்டாள். முதல் கேள்வி ஒருபோதும் உண்மையான கேள்வியாக இருக்காது, இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், பிள்ளைகள் தாங்கள் தேடுவதைக் கேட்க மாட்டார்கள், கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைப்பதைக் கேட்பார்கள். எதற்காக, எப்போது வேண்டும், இதுவரை என்ன பார்த்தீர்கள் என்று மெல்ல மெல்லக் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. 'லாரி ஓட்டுநர்களின் மனைவிகள்' என்று தலைப்பு எடுத்திருக்கிறாள். அப்பா லாரி ஓட்டுகிறார், கௌகாத்தி வரைக்கும் போவார். நாளைக் காலை இங்கே வந்து ஆய்வுக் குழுவின் முன்னால் தலைப்பை வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். நேற்று அவளுடைய நெறியாளர் போனில், 'இதே தலைப்புல தெக்க ஒரு யுனிவர்சிட்டில ஏற்கெனவே பண்ணிட்டாங்களாம், கமிட்டில கேப்பாங்க, அதைப் பாத்துட்டு வா' என்று சொல்லி வைத்துவிட்டார். அதைத் தேடித் தேடி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன், தலைப்பும் சுருக்கமும் மட்டும் இருக்கின்றன, இயல்கள் எதுவும் ஏற்றப்படவில்லை, பழைய ஆய்வேடு. அச்சுப் பிரதி அந்தப் பல்கலைக்கழக நூலகத்து அலமாரியில் இருக்கும். காலையிலேயே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை, மத்தியானம் மறுபடி அனுப்பினேன், பதில் இல்லை. அவர்களுடைய இணையதளத்தில் சாட் கிடையாது. ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரின் கீழே செருகி வைத்திருக்கிறேன், எழுதியதிலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்துகொண்டிருக்கிறேன்.

சாதாரணமாக இந்த மாதிரி போன் எல்லாம் மெஹருன்னிசா அக்கா பேசிவிடுவார்கள். கீழே கவுண்டரில் இருக்கிறார்கள், நான் இன்டர்காமில் ஒரு தடவை தட்டினால் போதும், மேலே ஏறி வந்து 'யாருகிட்ட, என்ன கேக்கணும், எழுதிக் குடு' என்று வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்து, பேசிய ஆளின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை விசாரித்துவிட்டு வைப்பார்கள். இன்றைக்கு லீவு, மகனுடைய பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்களாம். தலைமை நூலகர் இளவழகன் சாரிடம் போகலாம். போனால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'நீ ஏம்மா கஷ்டப்படற, நாளைக்கு மெஹர் வந்ததும் பேசச் சொல்லுவோம்' என்பார். நல்ல மனுஷர். வேலைக்கான நேர்முகத் தேர்வில் என் பெயரைச் சொல்ல முடியாமல் நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மற்றவர்கள் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள், இவர்தான் ஒரு தாளையும் பேனாவையும் தள்ளி, 'எழுதிக் காட்டும்மா' என்றார். அந்தத் தாளில்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு எழுதிக்கொண்டே இருக்கிறேன், யாரும் என்னைப் பேசச் சொன்னதில்லை, அது அன்புதான், ஆனால் அந்த அன்புக்குள்ளேயே உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போன மாதிரி சில நாள் இருக்கும். நாளைக்கு மெஹர் அக்கா வந்து பேசி முடிப்பதற்குள் வெண்மதியின் குழு கூடிக் கலைந்திருக்கும். என் பெயர் கற்பகவல்லி. எந்தப் புண்ணியவான் வைத்தாரோ, 'க'வில் ஆரம்பித்து வைத்துவிட்டார். 'க' வரும்போது தொண்டையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும், வார்த்தை அந்தப் பக்கம் நிற்பது எனக்குத் தெரியும், அதன் நிறம், நீளம் எல்லாம் தெரியும், தள்ளத் தள்ளக் கதவு இறுகும், கண் தானாக மூடிக்கொள்ளும், எதிரில் இருப்பவர் என் வாயைப் பார்ப்பதை மூடிய கண்ணுக்குள்ளேயே பார்ப்பேன். அதனால் கேட்டவர்களிடம் எல்லாம் 'வல்லி' என்று சொல்லிப் பழகினேன். சுற்றுவழி கண்டுபிடிப்பதில் நான் பலே ஆள். கீரனூரில் இறங்க வேண்டியவள் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கீரனூரில் இறங்கியிருக்கிறேன், கண்டக்டர் பின்னாலிருந்து 'ஏம்மா, உன் ஊரு இது இல்லையே' என்று கத்துவார், திரும்பாமல் நடப்பேன். எனக்கு டீ பிடிக்காது. கேன்டீனில் எப்போதும் டீதான் குடிக்கிறேன், காபி என்று கேட்க வேண்டுமே. சின்ன வயதில் அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள், எரியும், கசக்கும், 'கொஞ்சம் பொறுத்துக்கோடி, சரியாயிடும்' என்று அவளும் அழுதுகொண்டே தேய்ப்பாள். பெண் பார்க்க வந்தபோது பையன் தனியாகப் பேச வேண்டும் என்றான், மாடியில் போய் நின்றோம், என்ன படிச்சிருக்கீங்க என்றான், நான் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன், 'பரவால்ல, கூச்சமா இருக்கும்' என்றான், கீழே இறங்கும்போது அவன் காலடிச் சத்தம் மட்டும் வேகமாக இருந்தது. நேரில் இருந்தால்கூட முகம் இருக்கிறது, கை இருக்கிறது, சிரித்து வைக்கலாம், தலையை ஆட்டலாம். போனில் ஒன்றுமே இல்லை. போனில் நான் என்றால் என் சத்தம் மட்டும்தான், அது வராவிட்டால் அங்கே நான் இல்லவே இல்லை.

'மேடம் இருக்கீங்களா?' இருக்கிறேன். 'இருக்கேன் வெண்மதி. அந்த லைப்ரரிக்குப் பேசிப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்க' என்று விரல் பாட்டுக்கு டைப் செய்து அனுப்பியும் விட்டது. அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று பார்த்தேன். விரலுக்கு என்ன, அது வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அவள் கும்பிடுகிற இரண்டு கைகளை அனுப்பியிருக்கிறாள். துண்டுச் சீட்டை உருவி எடுத்தேன். முதலில் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதினேன். 'வணக்கம்' வேண்டாம், 'வ' சில நாள் வரும், சில நாள் வராது, 'ஹலோ' நல்லது, அது காற்றுதான், அப்புறம் 'நான் யுனிவர்சிட்டி லைப்ரரியிலிருந்து பேசறேன்', சரி, பிறகு 'ஒரு தீசிஸ் வேணும்', இதில் எங்கேயும் கல் கிடையாது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி ஓடியது, தனியாக இருக்கும்போது எப்போதும் ஓடும், பாத்ரூமில் நான் பேசாத பேச்சா. கண்ணாடிக்கு வெளியே ஒரு பையன் இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தான், அவன் போகட்டும் என்று காத்திருந்தேன், போய்விட்டான், இனி சாக்கு இல்லை. ரிசீவர் உள்ளங்கையில் வழுக்கியது. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவேண்டாம் கடவுளே, எடுக்கவில்லை என்றால் நான் முயற்சி செய்தேன் என்று ஆகிவிடும், எடுத்துவிட்டார்கள். 'லைப்ரரி, சொல்லுங்க' என்று ஒரு ஆண் குரல், தெற்கத்தி இழுப்பு. ஹ. காற்று வந்தது. சத்தம் வரவில்லை. ஹலோ என்பது காற்றுதானே, காற்றுக்கே கதவு சாத்திக்கொண்டது. 'ஹலோ? ஹலோ? யாரு பேசுதது?' ஹ. என் கழுத்து நரம்பு தெறிக்கிறது, வலது கை தொடையில் குத்துகிறது, 'கேக்கலையே. லைன் சரியில்ல போல', அவர் யாரிடமோ திரும்பிச் சொல்கிறார், கடகடவென்று ஏதோ தள்ளுவண்டிச் சத்தம், கட்.

ரிசீவரை வைத்தேன். நாக்கில் இரும்புச் சுவை. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது, இதில் அவமானப்பட என்ன இருக்கிறது, அவர் லைன் சரியில்லை என்றுதானே நினைத்தார், உண்மையும் அதுதானே. ஆனாலும் முகம் கொதிக்கிறது. எழுதிவிடலாம், 'தொடர்புகொள்ள முடியவில்லை, மன்னிக்கவும், நாளை முயல்கிறோம்' என்று எழுதினால் பொய்கூட இல்லை, இந்த மாதிரி வாக்கியங்கள் எனக்கு டெம்ப்ளேட்டாகவே இருக்கின்றன, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அப்போது அவளே எழுதினாள். 'மேடம் கிடைக்கலனா பரவால்ல. தலைப்பயே மாத்திடலாம்னு இருக்கேன். கேள்வியெல்லாம் வராத மாதிரி ஈசியா ஏதாவது எடுத்துக்கறேன். காலேஜ் பசங்க செல்போன் யூஸ் பண்றது பத்தி எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்.' அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். காலையில் அவள் தலைப்பைச் சொன்ன விதம் ஞாபகத்துக்கு வந்தது, சொல்லிவிட்டு உடனே சேர்த்து எழுதியிருந்தாள், 'எங்கப்பா லோடு ஏத்திட்டுப் போனா திரும்பி வர்ற வரைக்கும் எங்க வீடு வேற வீடு மாதிரி இருக்கும் மேடம், அதைப் பத்தி எழுதணும்' என்று. இப்போது செல்போன். காபி என்று கேட்க வாய் வராதவள் டீ குடிப்பது மாதிரி இவளும் ஐந்து வருஷம் செல்போன் குடிப்பாள், டாக்டர் பட்டமும் வாங்கிவிடுவாள், நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கிறது என்பாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. 'மாத்தாதீங்க. இன்னும் முடியலை. இருங்க' என்று போட்டேன். இந்தத் தடவை எழுதிவைத்த தாளைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டு எண்ணை அழுத்தினேன்.

உடனே எடுத்தார். 'லைப்ரரி.' நான் ஒன்றும் தயார் செய்யவில்லை, என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. 'எ...' என்று ஆரம்பித்து நின்றது, அவர் 'ஹலோ' என்றார், கதவு இறுகியது, தள்ளாமல் விட்டேன், மூச்சை விட்டேன், 'எ... எனக்குத் தி... தி... திக்கும். க... க...' ஐயோ, இந்த நேரத்தில் போய் 'க', '...கட் பண்ணாதீங்க.' சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது, 'அவளுக்குக் கொஞ்சம் அப்படி' என்பார்கள். மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது, அது அவருடையதா என்னுடையதா தெரியவில்லை. அப்புறம், 'சரிம்மா' என்றார். நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். 'உக்காந்துட்டேன். மெள்ள சொல்லுங்க, நான் வைக்கமாட்டேன்.' எந்த ஊர், எந்த நூலகம் என்று சொன்னேன், அதற்கு நெடுநேரம் ஆனது. 'உங்க பேரு?' என்றார். வல்லி என்று சொல்ல வாய் எடுத்தேன், ஏன் என்று தெரியவில்லை, அதை விட்டுவிட்டு அதன் முன்னால் இருக்கிறதைப் பிடித்தேன். 'க... க...' 'கல்யாணியா?' என்றார். 'இல்ல. க... க...' 'கமலாவா?' 'இல்ல.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது, 'மன்னிச்சுக்கோங்கம்மா, நான் வாய மூடிக்கிடுதேன், நீங்களே சொல்லுங்க' என்றார். சிரித்த மூச்சிலேயே கதவு கொஞ்சம் இளகி, 'கற்பகவல்லி' என்று முழுசாக வந்து விழுந்தது, என் காதிலேயே யாருடையதோ மாதிரி கேட்டது. அவர் பெயர் சிவனணைந்தானாம். ஆய்வேட்டின் தலைப்பைச் சொன்னேன், வருஷம் சொன்னேன், நாளைக் காலை அந்தப் பிள்ளைக்குக் கமிட்டி என்றேன். 'முழுசாத் தர முடியாது, ரூல் இருக்கு. பொருளடக்கமும் கொஞ்சம் பக்கமும்னா போட்டோ புடிச்சி அனுப்புதேன். எந்தப் பக்கம் வேணும்?' கேட்கத் தெரிந்த மனுஷர். பொருளடக்கம், ஆய்வு முறை, முடிவுரை என்றேன். 'உங்க செல் நம்பர் சொல்லுங்க.' அதுதான் கடைசி மலை. வார்த்தையென்றால் சுற்றிப் போகலாம், எட்டுக்கு மாற்றுச் சொல் கிடையாது, ஒன்பதுக்குப் பக்கத்துத் தெரு கிடையாது. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன், நடுவில் ஒரு மூன்றில் மாட்டிக்கொண்டு நின்றேன், அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், 'இரி, போன்ல இருக்கேன்லா' என்று அதட்டிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். ரிசீவரை வைத்தபோது என் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் எங்கேயோ போய் அலமாரியில் தேடுகிறார், நான் அனுப்பி வைத்த ஆள் மாதிரி, என் சத்தம் அங்கே ஒருவரை எழுந்து நடக்க வைத்திருக்கிறது.

'பேசிட்டேன். தேடறாங்க' என்று வெண்மதிக்கு எழுதினேன். காத்திருக்கிற நேரத்தில் அவள் காலையில் அனுப்பியிருந்த ஆய்வு முன்மொழிவைத் திறந்து படித்தேன். இயல் ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாகப் பிரித்திருக்கிறாள். இவளுடையதும் அதுவும் ஒன்றாகவே இருந்துவிட்டால் என்ன செய்வேன், இவ்வளவு மூச்சு முட்டிக் கேட்டு வாங்கி அவள் கழுத்துக்கே கயிறு கொண்டுவந்த கதையாகிவிடுமே, பேசாமல் லைன் கிடைக்கவில்லை என்று இருந்திருக்கலாமோ, இருந்திருந்தால் நாளைக்குக் குழுவில் யாராவது கேட்கும்போது அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தெரியாமல் நிற்பது வேறு, தெரிந்து நிற்பது வேறு. செல்போன் அதிர்ந்தது, படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின, கொஞ்சம் சாய்வாக, ஓரத்தில் சிவனணைந்தானின் கட்டைவிரல் விழுந்து. முதலில் பொருளடக்கத்தைத் திறந்தேன். குடும்பச் செலவு, கடன், பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் உடல்நலம், மனைவியின் மனநலம். வெண்மதியின் இரண்டு இயல்கள் அப்படியே அங்கே இருந்தன, ஏறக்குறைய அதே தலைப்பில். முடிவுரையைப் படித்தேன், நல்ல உழைப்பு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆய்வு முறைக்கு வந்தேன். தகவல் தந்தோர் என்று ஒரு பத்தி. அதை ஒரு தடவை படித்துவிட்டு, தவறாகப் படித்துவிட்டேனோ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகவல் தந்தோர் அனைவரும் ஓட்டுநர்கள். லாரிப் பட்டறைகளிலும் சங்க அலுவலகங்களிலும் சந்தித்துக் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். 'உங்கள் மனைவி தனிமையை உணர்கிறாரா', 'உங்கள் மனைவி பயப்படுகிறாரா', எல்லாவற்றுக்கும் புருஷன் பதில் சொல்லியிருக்கிறான், ஆம், இல்லை, ஓரளவு. ஒரு மனைவியிடம்கூடக் கேட்கவில்லை. சட்டென்று வெண்மதியின் முன்மொழிவுக்குத் திரும்பினேன், அதே இடம், அதே பத்தி. 'நாமக்கல் வட்டாரத்து லாரிப் பட்டறைகளில் ஓட்டுநர்களைச் சந்தித்து.' இவளும்தான். அவர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், சுலபம், அதனால்தான். என் வாயில் பாதி நிற்கும்போதே மீதியைச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் எல்லாருடைய முகமும் ஒரு சுற்று வந்து போயிற்று, எல்லாரும் நல்லவர்கள்.

எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பினேன், படங்களை, அதன் கீழே நான் பார்த்ததை. உங்கள் இரண்டு இயல்கள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன, மறைத்துப் பயனில்லை. ஆனால் அவர்கள் கணவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறார்கள், ஆய்வு முறைப் பக்கத்தைப் பாருங்கள், உங்களுடையதையும் ஒரு தடவை பாருங்கள். புள்ளிகள் துள்ளின, நின்றன, துள்ளின. காயப்படுத்திவிட்டேனோ. 'மேடம் உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசட்டுமா? டைப் பண்ண வரல.' பச்சைப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கிற வேகக்காரி, ரோபோ, 'செம ஃபாஸ்ட்', எல்லாம் இதோடு போயிற்று. என் செல் எண்ணை அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. எடுத்தேன், அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், தூரத்தில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற பீப் பீப். அழுகிறாள். நான் போனைக் காதோடு வைத்துக் காத்திருந்தேன். 'மேடம்?' என்றாள், சின்னப் பெண் குரல், நான் நினைத்ததைவிடச் சின்னது. 'இ... இருக்கேன்' என்றேன். 'மெ... மெதுவா சொல்லுங்க.' அவள் என் திக்கலைக் கவனித்தாளா என்று தெரியவில்லை, கவனித்திருப்பாள், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன் மேடம். எங்கப்பாகிட்டதான் மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்டுப் பாத்தேன். எங்கம்மா பக்கத்து ரூம்லதான் இருக்காங்க, துணி மடிச்சிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல மேடம்.' நாளைக்குக் குழு எப்படி நடக்கும், நெறியாளர் என்ன சொல்வார், முறையை மாற்ற விடுவார்களா, எனக்கு எதுவும் தெரியாது. 'இ... இப்போ கே... கேளுங்க' என்றேன். 'இப்பவா?' 'இ... இப்பவே.' போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து நடக்கிறாள், கொலுசு, கதவு. அணைக்க மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டிருக்கிறாளா. நான் வைத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. வைக்கவில்லை. 'அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.' 'என்ன கண்ணு, அழுதியா நீ?' 'இல்லம்மா. அப்பா லோடு ஏத்திட்டுப் போயிட்டா நீ என்ன பண்ணுவ, எப்பிடி இருக்கும் உனக்கு, சொல்லேன்.' 'அட, இதென்ன கேள்வி. எங்கிட்ட என்ன கெடக்குது சொல்றதுக்கு. உங்கப்பன்கிட்ட கேளு, அவர்தான் ஊரெல்லாம் பாத்தவரு.' வெண்மதி பதில் சொல்லவில்லை. நல்ல பெண், பேசாமல் இருக்கிறாள், இரு, இன்னும் கொஞ்சம் இரு. துணியை உதறுகிற சத்தம் கேட்டது, மடிக்கிற சத்தம், மறுபடி ஒரு உதறல், அது பாதியில் நின்றது. 'மொதத் தடவ கௌகாத்திக்குப் போனப்போ நீ வயித்துல இருந்த' என்றாள் அந்த அம்மா, வேறு ஒரு குரலில். 'கெளம்பறப்ப வண்டி லைட்டு தெருமொனை திரும்பற வரைக்கும் பாத்துட்டு நின்னேன். உள்ள வந்து கதவச் சாத்துனேன் பாரு, சொன்னா சிரிப்ப நீ, எனக்கு அழுவையே வரல கண்ணு. எம்பாட்டுக்குக் காலை நீட்டிப் போட்டுட்டு நடு ஊட்டுல படுத்தேன்.'